துப்பறியும் சிறுமிகளுக்கு இரண்டு எதிரிகள்

1888-ம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தில் கிராமப்புறத்து மாளிகை ஒன்று. அந்த வீட்டுச் சிறுமிக்கு அன்று 14-வது பிறந்த நாள். வெளியே போன தாயார் இரவாகியும் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை.

தகவல் கிடைத்து லண்டனிலிருந்து அண்ணன்மார் இருவர் வந்து சேருகிறார்கள். மூத்தவர் மைக்ராஃப்ட். அடுத்தவர் ஷெர்லக் ஹோம்ஸ். ஊரே போற்றும் துப்பறிவாளர். ஆனால் தாயார் எங்கே போனார் என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தடயம் தங்கையின் கையில் இருக்கிறது. தாயார் விட்டுச் சென்ற பிறந்த நாள் பரிசுகளில் பூக்களின் பொருளைச் சொல்லும் புத்தகம் ஒன்று. தாயாரே தம் கையால் படம் வரைந்து, ரகசிய எழுத்தில் செய்தி எழுதிய சிறு ஏடு ஒன்று. எந்தப் பூ எதைக் குறிக்கும் என்பதெல்லாம் அந்தக் காலத்துப் பெண்கள் பொழுதுபோக்காகத் தெரிந்து வைத்திருந்த விஷயம். பெரிய மனிதர்கள் அதைக் கவனிப்பதில்லை. சிறுமி பொறுமையாக உட்கார்ந்து, எழுத்துக்களை மாற்றிப் போட்டுப் படித்து, தாயார் சொல்ல வந்ததைப் புரிந்துகொள்கிறாள்.

அந்தச் சிறுமியின் பெயர் எனோலா ஹோம்ஸ். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைப் பின்னாலிருந்து படித்தால் 'அலோன்' என்று வரும். 'தனியாக' என்று பொருள்.

இது கதைதான். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்தவர் சர் ஆர்தர் கானன் டாயில். முதல் கதை 1887-ல் வெளிவந்தது. அவர் எழுதிய கதைகளில் ஹோம்ஸுக்குத் தங்கை கிடையாது. நான்சி ஸ்பிரிங்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2006-ல் அந்தத் தங்கையைக் கற்பனை செய்து, 'தி கேஸ் ஆஃப் தி மிஸ்ஸிங் மார்க்வெஸ்' என்ற நாவலை இளம் வாசகர்களுக்காக எழுதினார். 2010 வரை ஆறு நாவல்கள் வந்தன. பிறகு 2021 முதல் 2023 வரை மேலும் மூன்று. 2020-ல் திரைப்படமாகவும் வந்து வீட்டுக்கு வீடு பேசப்பட்டது.

இரண்டு மர்மங்கள்

இன்று எழுதப்படும் கதை. நடப்பதோ பழைய காலத்தில். துப்பறிபவள் ஒரு சிறுமி. படிப்பவர்கள் பத்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள். இந்த நான்கும் சேர்ந்த நாவல்கள் கடந்த கால் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நிறைய வந்திருக்கின்றன. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பள்ளி நூலகத்திலிருந்து இவற்றை எடுத்து வருகிறார்கள். 'என்ன புத்தகம் அது?' என்று கேட்கும் தாய் தந்தையருக்கு, 'சும்மா டிடெக்டிவ் கதை' என்று பதில் கிடைக்கிறது.

டிடெக்டிவ் கதைதான். ஆனால் இந்த வகைக் கதைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு.

துப்பறிபவர் நாலு இடத்துக்குப் போக வேண்டும். அந்நியர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். இரவில் வெளியே நடமாட வேண்டும். கையில் கொஞ்சம் பணம் வேண்டும். சொன்னதைப் போலீசார் நம்ப வேண்டும். பழைய காலத்துச் சிறுமிக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது.

ஆகவே அவளுக்கு இரண்டு எதிரிகள். ஒருவன் கொலைகாரன் அல்லது திருடன். இன்னொன்று அவள் பிறந்த காலம். அதன் சட்டம், வழக்கம், உடை, ஊர் வாய். முதல் எதிரி கடைசி அத்தியாயத்தில் பிடிபட்டு விடுவான். இரண்டாவது எதிரி பிடிபடுவதில்லை.

எழுத்தாளரின் நேர்மை தெரிவது இங்கேதான். சிறுமிக்கு இன்றைய சுதந்திரம் எல்லாவற்றையும் கொடுத்து ஓட விட்டால் கதை விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் பெண்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று படிக்கும் பிள்ளை நம்பி விடும். உள்ளது உள்ளபடி அவளை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் சரித்திரம் சரியாக இருக்கும், கதை நகராது. நல்ல எழுத்தாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எந்தத் தடை அவளைக் கட்டுகிறதோ, அதையே அவளுக்கு ஆயுதமாக்கி விட்டார்கள்.

இல்லாத டாக்டரின் காரியதரிசி

எனோலாவை எடுத்துக்கொள்வோம். தாயார் போன பிறகு அண்ணன் மைக்ராஃப்ட்தான் அவளுக்குக் கார்டியன். அவர் சொன்னதே முடிவு. ஒழுங்காகப் பழக்குவதற்காக அவளை விடுதிப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்கிறார். இடுப்பை இறுக்கும் 'கார்செட்' அணிய வேண்டும் என்கிறார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கௌரவமான குடும்பத்துப் பெண்கள் அணிந்த உள்ளாடை அது. மூச்சு விடவே சிரமப்படுத்தும்.

எனோலா சைக்கிளில் தப்பி ஓடுகிறாள். அந்தக் கார்செட்டை அவள் தூக்கி எறியவில்லை. தாயார் வீட்டில் ஒளித்து வைத்திருந்த பணத்தை அதில் மறைத்துக் கொள்கிறாள். பிறகு ஒரு கட்டத்தில் கத்திக் குத்திலிருந்தும் அதுவே அவளைக் காப்பாற்றுகிறது. விதவை போல் கறுப்பு உடுத்தி முகத்திரை போட்டுக்கொண்டு பயணம் செய்கிறாள். துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் யாரும் வீண் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா?

லண்டனில் அவள் காணாமற்போனவர்களைக் கண்டுபிடிக்கும் ஆபீஸ் ஒன்றைத் திறக்கிறாள். பெயர்ப் பலகையில் 'டாக்டர் ரகோஸ்டின்' என்ற பெயர். அப்படி ஒரு டாக்டரே கிடையாது. வருபவர்களிடம் அவள் தன்னை அந்த டாக்டரின் காரியதரிசி என்று சொல்லிக்கொள்கிறாள். ஓர் ஆண் பெயரைப் பலகையில் எழுதாமல் அந்த ஊரில் எந்தப் பெண்ணிடமும் யாரும் வழக்கைக் கொண்டுவர மாட்டார்கள்.

தாயாரோடு அவள் பேசுவது பத்திரிகை வழியாக. அந்தக் காலத்து லண்டன் பத்திரிகைகளில் தனி நபர்கள் சிறு விளம்பரம் கொடுக்கும் பகுதி உண்டு. அதில் ரகசிய எழுத்தில் விளம்பரம் போட்டு, பதில் வருகிறதா என்று தினமும் பார்க்கிறாள். ஊர் முழுக்கப் படிக்கும் பத்திரிகையில் தாயும் மகளும் யாருக்கும் தெரியாமல் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தக் கதை 2020-ல் கோர்ட்டுக்கும் போனது. கானன் டாயிலின் எஸ்டேட் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தது. பழைய கதைகளின் உரிமை காலாவதியாகி விட்டது. ஆனால் 1923 முதல் 1927 வரை வந்த கடைசிப் பத்துக் கதைகளில்தான் ஹோம்ஸ் பிறரிடம் பரிவு காட்டுபவராக வருகிறார், அந்தப் பரிவுள்ள ஹோம்ஸை எனோலா கதையில் பயன்படுத்தியது தவறு என்பது எஸ்டேட்டின் வாதம். தங்கையிடம் அண்ணன் அன்பு காட்டியதற்கு ஒரு வழக்கு! அந்த ஆண்டு டிசம்பரிலேயே வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. 2023 ஜனவரி 1-ந் தேதியோடு அமெரிக்காவில் எல்லா ஹோம்ஸ் கதைகளும் பொதுச் சொத்தாகி விட்டன.

தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள்

கதையில் எனோலாவின் தாயார் காணாமற்போன அதே 1888 ஜூலையில், லண்டனின் கிழக்குப் பகுதியில் உண்மையாகவே ஒரு சம்பவம் நடந்தது. பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலை நிறுத்தம் செய்தார்கள். குறைந்த கூலி. அதிலும் பேசினால் அபராதம், தாமதமாக வந்தால் அபராதம். குச்சி முனையில் தோய்த்த வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரித்தது. இவர்கள் நிலைமையை ஜூன் மாதமே பத்திரிகையில் எழுதி வெளிப்படுத்தியவர் அன்னி பெசன்ட். பிற்காலத்தில் சென்னை அடையாறில் வந்து தங்கி, தியாசபிகல் சொசைட்டித் தலைவியாக விளங்கிய அதே அம்மையார்தான். இரண்டு வாரத்தில் வேலை நிறுத்தம் வெற்றி பெற்றது. அபராதம் ரத்தாயிற்று. சிவகாசியை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தச் செய்தியின் கனம் புரியும். 2022-ல் வந்த எனோலாவின் இரண்டாவது திரைப்படம் இந்தப் போராட்டத்தை வைத்துத்தான் பின்னப்பட்டது.

படம் பார்க்கும் பெண் பிள்ளைக்கு எனோலா கற்பனை என்று தெரியும். தீப்பெட்டித் தொழிலாளிகள் நிஜம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

நிஜத்தில் பெண் துப்பறிவாளர் உண்டா?

கதையில் மட்டும்தான் பெண்கள் துப்பறிந்தார்களா என்ற கேள்வி எழும். நிஜத்திலும் இருந்தார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரில் பிங்கர்ட்டன் துப்பறியும் கம்பெனியில் 1856-ல் கேட் வார்ன் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். ஆண்கள் போக முடியாத இடங்களுக்குப் பெண் போகலாம், பெண்கள் ஆண்களிடம் சொல்லாததைப் பெண்ணிடம் சொல்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம் என்று சொல்லப்படுகிறது. 1861 பிப்ரவரியில் ஆபிரகாம் லிங்கன் பதவியேற்க வாஷிங்டனுக்கு ரயிலில் போனபோது, பால்டிமோர் நகரில் அவரைக் கொல்லச் சதி என்று செய்தி வந்தது. இரவு ரயிலில், தூங்கும் வசதியுள்ள பெட்டியில், 'உடல் நலமில்லாத என் சகோதரர்' என்று சொல்லி லிங்கனை ரகசியமாக அழைத்துச் சென்ற ஏற்பாட்டில் கேட் வார்னுக்குப் பங்கு உண்டு. நோயாளி அண்ணனோடு போகும் பெண்ணை யார் சந்தேகிப்பார்கள்?

இங்கிலாந்தில் கதை முந்திக்கொண்டது. பெண் துப்பறிவாளரைக் கதாநாயகியாகக் கொண்ட இரண்டு புத்தகங்கள் 1864-லேயே லண்டனில் வந்து விட்டன. ஆனால் கைது செய்யும் அதிகாரத்தோடு அங்கே ஒரு பெண் போலீஸ் நியமிக்கப்பட்டது 1915-ல்தான். கிரான்தம் நகரில் நியமிக்கப்பட்ட ஈடித் ஸ்மித் அவர். கதைக்கும் நிஜத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு ஓடி விட்டது.

ரோமாபுரியின் துறைமுகத்தில்

இன்னும் பழைய காலத்துக்குப் போனவர் காரொலின் லாரன்ஸ். லண்டனில் பிறந்து, அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வளர்ந்து, மீண்டும் லண்டன் வந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு லத்தீன் கற்பித்தவர். 2001 முதல் 2009 வரை 'ரோமன் மிஸ்ட்ரீஸ்' என்ற வரிசையில் 17 நாவல்கள் எழுதினார்.

கதாநாயகி பிளேவியா ஜெமினா. கப்பல் தலைவர் ஒருவரின் மகள். முதல் கதையில் அவளுக்குப் பத்து வயது. ஊர், ரோமாபுரியின் துறைமுகமான ஆஸ்டியா. காலம், கி.பி. 79. தெருவில் காவல் நாய்களை யாரோ கொன்று தலையை எடுத்துச் செல்கிறார்கள். யார், எதற்காக என்று கண்டுபிடிக்கப் பிளேவியா புறப்படுகிறாள். பக்கத்து வீட்டு யூதச் சிறுவன் ஜோனதன், நாக்கு அறுபட்ட பிச்சைக்காரச் சிறுவன் லூபஸ், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைச் சிறுமி நூபியா ஆகியோர் துணை.

நூபியா எப்படி வந்தாள்? அடிமைச் சந்தையில் அவள் படும் பாட்டைப் பொறுக்க முடியாமல், பிறந்த நாளுக்குக் கிடைத்த பணத்தைக் கொடுத்துப் பிளேவியா அவளை விலைக்கு வாங்கி விடுகிறாள்.

இதைப் படிக்கும் பிள்ளை ஒரு கணம் திகைக்கும். கதாநாயகி நல்லவள். ஆனால் அவள் ஒரு மனிதப் பிறவியை விலை கொடுத்து வாங்குகிறாள். வீட்டில் அடிமைகள் வேலை செய்வது அவளுக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை. அவள் வளர்ந்த காலம் அப்படி. அன்றைய ரோமானியச் சட்டப்படி, தகப்பனார் உயிரோடு இருக்கும் வரை பிள்ளைகள் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். பெண்ணுக்குத் திருமண வயது 12. அடிமையைக் கோர்ட்டில் சாட்சி சொல்லச் செய்தால் சித்திரவதை செய்துதான் வாக்குமூலம் வாங்குவார்கள். அடிமை தானாக உண்மை சொல்ல மாட்டான் என்பது அவர்கள் எண்ணம். துப்பறியும் கதைக்கு உயிர் நாடியே சாட்சிதான். அந்தச் சாட்சியே இப்படி எடுக்கப்பட்ட நாட்டில் உண்மை எங்கே கிடைக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இந்த வரிசையின் இரண்டாவது நாவல் வெசூவியஸ் எரிமலை வெடித்ததைப் பற்றியது. பாம்பே நகரம் சாம்பலில் புதைந்த சம்பவம். (நம் பம்பாய் அல்ல, இத்தாலி நாட்டுப் பழைய நகரம்.) கி.பி. 79 ஆகஸ்ட் 24-ந் தேதி என்பது நூற்றாண்டுகளாகப் பாடப் புத்தகங்களில் இருந்த தேதி. நாவலும் ஆகஸ்டு மாதத்தையே கொண்டது. ஆனால் 2018-ல் பாம்பே அகழ்வாய்வில், ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய எழுத்து கிடைத்தது. அதில் உள்ள தேதி அக்டோபர் 17-க்குச் சமமானது. கரி எழுத்து நெடுநாள் நிற்காது. ஆகவே எரிமலை வெடித்தது அக்டோபரின் பிற்பகுதியாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1,900 ஆண்டுக்கு மேலான கேசில் ஒரு கரிக் கிறுக்கல் புதிய சாட்சியாக வந்து நின்றது. சரித்திரமும் துப்பறியும் வேலைதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதை விட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

வேற்று ஊரில் ஒரு ஹேசல்

மூன்றாவது, ராபின் ஸ்டீவன்ஸ் எழுதிய வரிசை. முதல் நாவல் 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' 2014-ல் வந்தது. 2020 வரை ஒன்பது நாவல்கள். கதை நடப்பது 1934-ல், இங்கிலாந்தில் டீப்டீன் என்ற கற்பனைப் பெண்கள் விடுதிப் பள்ளியில் தொடங்குகிறது. டெய்சி வெல்ஸ் என்ற ஆங்கிலேயச் சிறுமியும் ஹேசல் வாங் என்ற ஹாங்காங் சீனச் சிறுமியும் சேர்ந்து ஒரு துப்பறியும் சங்கம் அமைக்கிறார்கள். டெய்சி தலைவி. ஹேசல் காரியதரிசி. நடந்ததை எழுதி வைப்பவள் ஹேசல்.

ஒரு மாலை, உடற்பயிற்சிக் கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை இறந்து கிடப்பதை ஹேசல் பார்க்கிறாள். ஆட்களைக் கூட்டி வருவதற்குள் உடலைக் காணோம். ஆசிரியை ராஜினாமாக் கடிதம் கொடுத்துப் போய் விட்டார் என்று பள்ளியில் சொல்கிறார்கள். சிறுமி சொன்னால் யார் நம்புவார்கள்? அதிலும் சீனச் சிறுமி சொன்னால்?

ஹேசலுக்குப் பாடம் நன்றாக வரும். ஆனால் அதை ரொம்பக் காட்டிக்கொண்டால் சக மாணவிகளுக்குப் பிடிக்காது என்று கற்றுக்கொள்கிறாள். அவர்கள் உண்ணும் உணவு, பேசும் கொச்சை, விளையாடும் விளையாட்டு எல்லாவற்றையும் கவனித்துப் பழகிக்கொள்கிறாள். அப்படிக் கவனித்துக் கவனித்தே அவள் நல்ல துப்பறிவாளியாகி விடுகிறாள். அங்கேயே பிறந்தவர்கள் பார்க்காத ஒன்றை வெளியிலிருந்து வந்தவள் பார்க்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த தந்தையோடு இந்த ஊருக்கு வந்து, புரியாத மொழியில் பாடம் நடக்கும் வகுப்பில் முதல் நாள் உட்கார்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஹேசல் அந்நியமாகத் தெரிய மாட்டாள்.

மூன்றாவது நாவல் 'பர்ஸ்ட் கிளாஸ் மர்டர்' ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் நடக்கிறது. வருஷம் 1935. ஹேசலின் தந்தை இருவரையும் சுற்றுலா அழைத்துப் போகிறார். துப்பறியும் வேலையே கூடாது, கண்ணியமான பெண்களாக நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்டளை. உள்ளே தாழிட்ட பெட்டியில் ஒரு பணக்காரப் பெண்மணி கொலையாகிறார். அவருடைய மாணிக்க மாலையைக் காணோம். துப்பறியும் கதை எழுதுபவர்கள் ரயிலை விரும்புவதற்குக் காரணம் உண்டு. அடுத்த ஸ்டேஷன் வரும் வரை யாரும் இறங்க முடியாது. யார் யார் எந்தப் பெட்டி என்ற பட்டியல் கண்டக்டர் கையில் இருக்கிறது. ஆக, குற்றவாளி அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவர்தான். அப்பா கண்ணில் படாமல் இரண்டு சிறுமிகள் அந்தப் பட்டியலைச் சரி பார்ப்பதுதான் கதை.

2018-ல் வந்த 'எ ஸ்பூன்புல் ஆஃப் மர்டர்' நாவலில் நிலைமை தலைகீழ். கதை ஹாங்காங்கில் நடக்கிறது. ஹேசலுக்கு அங்கே எல்லாம் தெரியும். மொழி தெரியாமல், வழக்கம் புரியாமல் விழிப்பவள் டெய்சி. புத்திசாலி என்பதும் அசடு என்பதும் பாதிக்கு மேல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்பதைப் பிரசங்கம் செய்யாமலே இந்தக் கதை காட்டி விடுகிறது.

அழித்து எழுதினால்?

துப்பறியும் சிறுமி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நான்சி ட்ரூ. 1930-ல் அமெரிக்காவில் பிறந்த பாத்திரம். அது சரித்திரக் கதையாக எழுதப்பட்டது அல்ல. அந்தக் காலத்தைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதியது. அட்டையில் உள்ள 'கரோலின் கீன்' என்ற பெயரில் எழுத்தாளர் எவரும் இல்லை. கம்பெனி வைத்த பெயர் அது. தொடக்க கால நாவல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் பென்சன் என்ற பெண்மணி. தொடக்கத்தில் ஒரு புத்தகத்துக்கு 125 டாலர் கூலி. ராயல்டி கிடையாது. 1980-ல் பதிப்பகங்களுக்கு இடையே நடந்த வழக்கில் அவர் சாட்சி சொன்ன பிறகே அவர் பெயர் பரவலாக வெளியே தெரிந்தது. துப்பறியும் கதையின் ஆசிரியரையே ஐம்பது ஆண்டு தேட வேண்டியிருந்தது!

அந்த முதல் பதிப்புகளில் கறுப்பு இன மக்களை இழிவாகக் காட்டும் பகுதிகள் இருந்தன. 1959 முதல் புத்தகங்களைத் திருத்தி வெளியிட்டார்கள். இழிவுபடுத்தும் வரிகள் போயின. அதோடு பல இடங்களில் அந்த மனிதர்களே கதையிலிருந்து போய் விட்டார்கள். அநீதி மறைந்தது, அநீதிக்கு ஆளானவர்களும் மறைந்தார்கள். பழைய பதிப்பைப் படித்தால் மனம் புண்படும். புதிய பதிப்பைப் படித்தால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

நூபியாவையும் ஹேசலையும் நடுவில் வைத்து எழுதிய இன்றைய எழுத்தாளர்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். இழிவை மறைக்கவில்லை. அதற்கு ஆளானவளுக்கே பெயரும் பேச்சும் புத்தியும் கொடுத்தார்கள்.

அதே ஜூலையில் பம்பாயில்

'எனோலா மாதிரி ஒரு பெண் அந்தக் காலத்தில் நடந்துகொள்ள முடியுமா? எல்லாம் கதை' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். இதே ஊரில், அன்றைய பம்பாயில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கேசைப் பார்க்கலாம்.

ரக்மாபாய் 1864-ல் பிறந்தவர். 11 வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். தாய் வீட்டிலேயே வளர்ந்து படித்தார். பெரியவரானதும் கணவர் வீட்டுக்குப் போக மறுத்து விட்டார். தாதாஜி 1884-ல் பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். 1885-ல் நீதிபதி பின்ஹே ரக்மாபாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல் முறையீட்டில் அது ரத்தாகி, 1887 மார்ச்சில் நீதிபதி பாரன் வேறு தீர்ப்புச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் கணவர் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லையேல் ஆறு மாதச் சிறை. சிறைக்குப் போகத் தயார் என்று ரக்மாபாய் சொல்லி விட்டார்.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் பம்பாய் ஆங்கிலப் பத்திரிகையில் 'ஒரு ஹிந்து மாது' என்ற பெயரில் கடிதங்கள் வெளிவந்தன. குழந்தை மணத்தால் பெண்கள் படிப்பை இழந்து படும் துயரத்தை அவை சொல்லின. எழுதியவர் ரக்மாபாய் என்று பிறகு தெரிந்தது. எனோலா பத்திரிகை விளம்பரத்தில் ரகசிய எழுத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். ரக்மாபாய் ஒரு புனைபெயரின் பின்னால் நின்று ஊரையே பேச வைத்தார்.

1888 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். எனோலாவின் பிறந்த நாளாகக் கதை குறிப்பிடும் அதே மாதம். மறு ஆண்டு ரக்மாபாய் கப்பலேறி லண்டன் போய்ப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1894-ல் தேறினார். தாயகம் திரும்பி, சூரத்திலும் பிறகு ராஜ்கோட்டிலும் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1955-ல் காலமானார். அவர் வழக்கு எழுப்பிய விவாதமும் சேர்ந்துதான் 1891-ல் பெண்ணின் சம்மத வயதை 10-லிருந்து 12 ஆக உயர்த்தும் சட்டம் வந்தது.

12 வயது! ரோமாபுரியின் சட்டத்தில் இருந்த அதே எண். நடுவில் பதினெட்டு நூற்றாண்டுகள்.

ஆகவே எனோலா நம்ப முடியாத பெண் அல்ல. அவளுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்தான் கதை. அவளுக்குப் பண முடிப்பு வைத்துவிட்டுப் போன தாயார் இருந்தார். நிஜ வாழ்வில் ரக்மாபாய் விலை கொடுத்துத்தான் விடுதலை பெற முடிந்தது.

எப்படிப் படிப்பது?

இந்தப் புத்தகங்களில் கொலை வருகிறது, கடத்தல் வருகிறது. மிகச் சிறு குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல. ரோமானிய வரிசையில் வன்முறை சற்று அதிகம். பத்து வயதுக்கு மேல், பெரியவர்கள் பார்த்துக் கொடுப்பது நல்லது. ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகளுக்கு எனோலாவின் மொழி கடினமாக இருக்கும். பழைய காலத்து நடை கலந்தது. ஹேசலின் கதைகள் எளிதாகப் போகும். ஆகவே அங்கிருந்து தொடங்கலாம். பையன்களுக்கும் கொடுக்கலாம். தங்கையின் கையிலிருந்த தடயத்தைக் காணத் தவறிய ஷெர்லக் ஹோம்ஸின் கதை அவர்களுக்கும் பயன்படும்.

படித்து முடித்த பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும். முதல் கேள்வி: 'குற்றவாளி யார்?' இதற்குப் பதில் உடனே வரும். இரண்டாவது கேள்வி: 'உண்மையைக் கண்டுபிடிக்க விடாமல் அவளைத் தடுத்தது எது?' இதற்குப் பதில் சொல்லப் பிள்ளை கொஞ்சம் யோசிக்கும். ஆண் பெயர் தாங்கிய பெயர்ப் பலகை, அடிமைச் சந்தை, நம்ப மறுத்த ஆசிரியைகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கும். அவற்றில் எவை போய் விட்டன, எவை இன்னும் நம் தெருவிலும் வீட்டிலும் இருக்கின்றன என்று அடுத்துக் கேட்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். பதிலோடு தயாராக இருக்க வேண்டியவர்கள் பெற்றோர்கள்.